சுயேச்சைக்கு நோட்டீஸ் அடிக்க ஒரு நல்ல அச்சகம்: பாளையங்கோட்டையில் நான்கு தேர்தல் அனுபவம்

கல்யாணப் பத்திரிகைக்கு எந்த அச்சகம் நல்லது, மலிவாக ஃபிளெக்ஸ் எங்கே கிடைக்கும் என்றெல்லாம் நம்ம ஊர்க்காரர்கள் நிறைய எழுதுகிறார்கள். தேர்தலில் சுயேச்சையாக நிற்கிற ஒருவர் நோட்டீஸ் அடிக்க எங்கே போக வேண்டும் என்று யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, 2006-லிருந்து 2021 வரை நான்கு தடவை சுயேச்சையாக நின்றவர். மூன்று உள்ளாட்சித் தேர்தல், நடுவில் ஒரு சட்டமன்றத் தேர்தல். நாலுக்கும் கைகொடுத்தது பாளையங்கோட்டை மார்க்கெட்டை ஒட்டிப் போகும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற ஒரு சின்ன அச்சகம். அதைப் பற்றித்தான் இது.

கடைப் பெயரைப் போடலாமா என்று கடைக்காரர் அண்ணாச்சியிடம் கேட்டேன். "வேண்டாம் தம்பி, நாளைக்கு எல்லாக் கட்சிக்காரனும் நம்ம கடைக்கு வரணும்லா" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதை மதிக்கிறேன். மார்க்கெட் பக்கம் போய், பழைய டிரெடில் மிஷினை (காலால் மிதித்து ஓட்டும் அச்சு மிஷின்) வாசலில் நிறுத்தியிருக்கிற அச்சகம் எது என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். அந்த மிஷின் இப்போது ஓடுவதில்லை. அவருடைய அப்பா ஓட்டியது, விற்க மனசு வராமல் வைத்திருக்கிறார்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், அது தெரியாவிட்டால் நான் ஏன் ஒரு அச்சகத்துக்கு இவ்வளவு எழுதுகிறேன் என்று புரியாது. கட்சி வேட்பாளருக்குச் சின்னம் பிறக்கும்போதே இருக்கிறது. தேர்தல் தேதி அறிவிப்பதற்கு ஆறு மாதம் முன்பே சுவரில் வரைந்துவிடலாம், நோட்டீஸில் வேட்பாளர் பெயருக்கு மட்டும் இடம் விட்டு மீதியை அடித்து அடுக்கிவிடலாம். சுயேச்சைக்கு மனு வாபஸ் வாங்கும் கடைசி நாள் சாயங்காலம்தான் சின்னம் ஒதுக்குவார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் அது மார்ச் 22. வாக்குப்பதிவு ஏப்ரல் 6, பிரச்சாரம் ஏப்ரல் 4 இரவு 7 மணிக்கு முடிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள், கையில் இருப்பது 13 நாள். எங்கள் பக்கத்துத் தொகுதிகளில் இரண்டரை லட்சத்துக்கு மேல் வாக்காளர்கள் இருக்கிறார்கள். அந்த 13 நாளில் இன்னார் நிற்கிறார், இன்ன சின்னம் என்று இத்தனை பேருக்கும் தெரிய வைக்க வேண்டும். மாவட்டச் செயலாளர் கிடையாது, ஒன்றியம் கிடையாது, கிளை கிடையாது. அச்சகத்திலிருந்து வருகிற காகிதக் கட்டும், அதைச் சைக்கிளில் எடுத்துப் போகிற நாலு பையன்களும்தான் கட்சி.

இது புரிந்தவர் அந்த அண்ணாச்சி. புரியாத இடத்துக்கும் நாங்கள் போனோம், அந்தக் கதையையும் சொல்கிறேன்.

2021-ல் மாமா சட்டமன்றத்துக்கு நிற்பது என்று முடிவானதும், "இது பஞ்சாயத்துத் தேர்தல் இல்லை, நாலு கலரில் பெரிசாக அடிக்க வேண்டும்" என்று சொல்லி வேறு ஒரு பெரிய அச்சகத்துக்கு நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். ஏசி போட்ட ரிசப்ஷன், கம்ப்யூட்டரில் டிசைன் செய்ய இரண்டு பேர். சுயேச்சை என்றதும் முழுப் பணமும் முன்னாடியே கட்டச் சொன்னார்கள், கட்டினோம். மார்ச் 22 ராத்திரியே மேட்டரும் போட்டோவும் கொடுத்தாயிற்று. மறுநாள் கேட்டால் பிளேட் (அச்சுத் தகடு) போட்டாச்சு என்றார்கள். அதற்கு மறுநாள் கேட்டால் மிஷினில் ஏறப் போகிறது என்றார்கள். 25-ஆம் தேதி நேரில் போய் நின்றபோதுதான் தெரிந்தது, ஒரு பெரிய கட்சியின் வேலை உள்ளே வந்து எங்களுடையது ஓரத்துக்குப் போயிருக்கிறது, பிளேட்டே போடவில்லை. 13 நாளில் மூன்று நாள் போய்விட்டது. பணத்தைத் திருப்பி வாங்கவே அரை நாள் ஆனது. இப்போதும் நினைத்தால் எனக்கு வயிறு எரியும். யாருடைய காசு அது? மாமா வயலில் ஒரு பூ, அதாவது ஒரு போகம் நெல் விற்ற காசு.

அன்றைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மாமா பழைய இடத்துக்கே போனார், நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடவே போனேன். அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தார். "என்னவே, இத்தன நாளா ஆளக் காணும்?" என்று மட்டும் கேட்டார். வேறு இடத்துக்குப் போனதைப் பற்றி அன்றைக்கும் சரி, பிற்பாடும் சரி, ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய அச்சகத்தில் கொடுத்த புரூஃபை மாமா நீட்டினார். அண்ணாச்சி அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "இந்தப் படத்தப் போட்டா உமக்கு விழ வேண்டிய ஓட்டும் விழாது வே" என்றார்.

மாமாவுக்குக் கிடைத்த சின்னம் தையல் மிஷின். கேட்டது வாளி. அவருடைய பேச்சு முழுக்கத் தண்ணீரைப் பற்றியது, அதனால் மனுவில் முதல் விருப்பமாக வாளியைக் குறித்திருந்தார். இன்னொரு சுயேச்சையும் அதையே கேட்டிருந்ததால் குலுக்கல் போட்டார்கள், வாளி அவருக்குப் போய்விட்டது. சரி, தையல் மிஷின். பெரிய அச்சகத்து டிசைனர் இணையத்திலிருந்து ஒரு புது மாடல் மிஷினின் கலர் படத்தை எடுத்துப் போட்டிருந்தார், பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வாக்குப்பதிவு எந்திரத்தில் ஒட்டுவது தேர்தல் ஆணையம் வைத்திருக்கிற கறுப்புக் கோட்டுப் படம், பழைய மாடல் மிஷின். நோட்டீஸில் வெள்ளையாகப் பளபளவென்று ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகிற கிழவி, எந்திரத்தில் அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்த்து இதுதான் அது என்று எப்படிக் கண்டுபிடிப்பாள்? அதுவும் பட்டியலில் சுயேச்சைகள் எப்போதும் கடைசியில்தான் வருவார்கள். முதலில் அங்கீகரிக்கப்பட்ட தேசிய, மாநிலக் கட்சிகள், அடுத்து பதிவு பெற்ற சின்னக் கட்சிகள், அதற்கப்புறம் நம்ம ஆள். வேட்பாளர்கள் 15-ஐத் தாண்டிவிட்டால், நோட்டாவையும் சேர்த்து ஒரு எந்திரத்தில் இடம் போதாமல் இரண்டாவது எந்திரமே வைக்க வேண்டியிருக்கும். அத்தனை வரிசையையும் தாண்டிக் கண் கீழே வரும்போது படம் அச்சு அசலாக மனசில் இருக்க வேண்டும்.

அண்ணாச்சி ஆணையத்தின் கோட்டுப் படத்தையே எடுத்து, நோட்டீஸின் மூன்றில் ஒரு பங்குக்குப் பெரிதாக வைத்தார். மாமாவின் படத்தைச் சிறிதாக்கினார். மாமா முகம் வாடிப்போனது எனக்குத் தெரிந்தது, ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றரைக்கு புரூஃப் முடிந்து, விடிகாலை ஐந்து மணிக்கு முதல் 4,000 நோட்டீஸ் கட்டுக் கட்டி வாசலில் இருந்தது. மகனும் அவரும் மாறி மாறி மிஷினில் நின்றிருக்கிறார்கள். நான் அங்கேயே பேப்பர் ரீம் மேல் சாய்ந்து தூங்கிவிட்டேன், மை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

சின்னம் பற்றிய இந்த அறிவு அவருக்கு வம்சத்தில் வந்தது. உள்ளே ஒரு மரப்பெட்டி இருக்கிறது, அதில் அவர் அப்பா காலத்துப் பிளாக்குகள். ஈய எழுத்துக் கோர்த்து அடித்த காலத்தில் படம் வேண்டுமென்றால் பிளாக் செய்துதான் ஆக வேண்டும், ஒவ்வொரு பஞ்சாயத்துத் தேர்தலுக்கும் செய்தவற்றைத் தூர எறியாமல் வைத்திருக்கிறார்கள். பூட்டு சாவி, மூக்குக் கண்ணாடி, கத்தரிக்கோல், ஏணி என்று கட்டைவிரல் அகலத்தில் வரிசையாக. 2006-ல் மாமா வார்டு மெம்பருக்கு நின்றபோது மூக்குக் கண்ணாடி கிடைத்தது. அந்தப் பெட்டியிலிருந்து பிளாக்கை எடுத்துக் கையில் கொடுத்து, "இதுல ஏற்கெனவே ரெண்டு பேர் ஜெயிச்சிருக்கான்" என்று அண்ணாச்சி சொன்னாராம். மாமா இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை.

சுயேச்சை ஒருவர் ஜெயித்தால்கூட அடுத்த தேர்தலில் அதே சின்னம் தனக்கே கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. 2017 டிசம்பரில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் டி.டி.வி. தினகரன் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்று 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். குக்கர் என்றால் அவர் என்று தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது. அப்படியிருந்தும் 2019 நாடாளுமன்றத் தேர்தலில் சுப்ரீம் கோர்ட் வரை போய்க் குக்கர் கிடைக்காமல் அவருடைய ஆட்கள் பரிசுப் பெட்டியில் நின்றார்கள். அவருக்கே அந்தக் கதி. எங்கள் மாமா மாதிரி ஆளுக்கு மூக்குக் கண்ணாடி, பூட்டு சாவி, தையல் மிஷின் என்று ஒவ்வொரு தடவையும் புதிசாக ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அடுத்து, சட்டப்படி செய்கிற வேலை. இதற்காகவே நான் இந்தக் கடைக்கு முழு மார்க் போடுவேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவின்படி தேர்தல் நோட்டீஸில் அச்சிட்டவர், வெளியிடுபவர் இரண்டு பேரின் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும். அதோடு வெளியிடுபவர் ஒரு உறுதிமொழி எழுதிக் கையெழுத்துப் போட, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அச்சகத்துக்காரர் அந்த உறுதிமொழியையும் நோட்டீஸ் பிரதியையும் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நிறைய இடங்களில் "அதெல்லாம் பார்த்துக்கலாம்" என்று அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள், பறக்கும் படை கட்டைப் பிரித்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வது வேட்பாளர். அண்ணாச்சி அந்தப் படிவத்தைக் கட்டுக் கட்டாக அடித்தே வைத்திருக்கிறார். இரண்டு சாட்சியோடு வராவிட்டால் மிஷினை ஓட்ட மாட்டார். ராத்திரி எட்டு மணிக்குப் போனோம் என்றேனே, அன்றைக்கும் அதைக் கேட்டார். எதிர்க்கடை டீ மாஸ்டருக்கு மாமாவை 2006-லிருந்தே தெரியும், அவர் ஒரு சாட்சி. கூட வந்த சைக்கிள் பையன் ஒருவன் இன்னொரு சாட்சி. கையெழுத்து விழுந்த பிறகுதான் பிளேட் போட்டார். மறுநாள் காலையில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு மகன் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மேட்டரிலும் கை வைப்பார், அதற்குத் தயாராகப் போங்கள். மாமா எழுதிக் கொண்டுபோனதில் எதிராளி ஒருவரின் குடும்ப விஷயம் பற்றி ஒரு வரி இருந்தது. அண்ணாச்சி சிவப்புப் பேனாவால் அதை அடித்துவிட்டு, "இத நான் அடிக்க மாட்டேன், வேற எங்கயும் அடிச்சாலும் என் நோட்டீசோட சேத்துக் குடுக்காதீரும்" என்றார். மாமாவுக்குக் கோபம். பத்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவரே பேனாவை வாங்கி, அந்த இடத்தில் மணிமுத்தாறு ரீச் (அணைக் கால்வாயின் ஒரு பகுதி) பற்றி இன்னும் இரண்டு வரி சேர்த்தார். அந்த இரண்டு வரியைப் படித்துவிட்டுத்தான் பல ஊர்களில் விவசாயிகள் எங்களை நிறுத்திப் பேசினார்கள். மணிமுத்தாறு பிரதானக் கால்வாயில் நாலு ரீச். 3, 4-ஆவது ரீச்சுக்குத் தண்ணீர் வருவதுதான் நாங்குநேரி, ராதாபுரம், சாத்தான்குளம் பக்கத்து வறண்ட குளங்களுக்கு உயிர். அணை 118 அடி, அது நிறைகிற வருஷம்கூடக் கடைசி மடைக்குத் தண்ணீர் எட்டுவதற்குள் பங்கு முடிந்துவிடும். மாமா சட்டமன்றத்துக்கு நின்றதே அந்த ஒரு காரணத்துக்காக. கட்சிக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தார், மனு கொடுத்துப் பார்த்தார், கடைசியில் நாமே உள்ளே போய்க் கேட்டால் என்ன என்று கிளம்பிவிட்டார்.

அப்படிக் கிளம்புகிறவர்களுக்கு எங்கள் பக்கம் ஒரு முன்கதை இருக்கிறது. 2001-ல் ராதாபுரத்தில் மு. அப்பாவு சுயேச்சையாக நின்று ஜெயித்தார். அந்தத் தேர்தலில் 234 தொகுதியில் ஜெயித்த சுயேச்சைகள் மூன்றே பேர், அதில் ஒருவர் நம்ம மாவட்டத்துக்காரர். 1996-ல் த.மா.கா. (தமிழ் மாநில காங்கிரஸ்) சார்பில் ஜெயித்தவர், அடுத்த தடவை தனியாக நின்றும் ஜெயித்தார், 2006-ல் தி.மு.க. சார்பில் ஜெயித்தார். 2016-ல் வெறும் 49 ஓட்டில் தோற்று, அந்த வழக்கு ஹைகோர்ட், மறு எண்ணிக்கை, சுப்ரீம் கோர்ட் என்று போனது ஊரறிந்தது. 2021-ல் ஜெயித்துச் சபாநாயகரே ஆனார். தெற்குப் பக்கம் எந்த டீக்கடையில் சுயேச்சை என்று பேச்சு எடுத்தாலும் 2001 வந்துவிடும். ஆனால் அவர் அதற்கு முன்பே ஐந்து வருஷம் எம்.எல்.ஏ.வாக இருந்தவர், தொகுதி முழுக்க முகம் தெரியும் என்பதைச் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். 1952-ல் 375 பேர் கொண்ட சென்னைச் சட்டமன்றத்தில் 62 சுயேச்சைகள் இருந்தார்கள், அந்தக் காலம் வேறு. 2021-ல் தமிழ்நாடு முழுக்க ஒரு சுயேச்சைகூட ஜெயிக்கவில்லை.

மாமாவுக்கு விழுந்தது ஆயிரத்துச் சொச்சம் ஓட்டு. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்கு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும், 10,000 ரூபாய் போனது. ஆனால் மூன்று பூத்தில், மூன்றும் ரீச்சின் கடைசி மடை ஊர்கள், மாமா மூன்றாவது இடம். நோட்டீஸ் வீடு வீடாகப் போன ஊர்கள் அவை. அதனால்தான் சொல்கிறேன், அந்த மூன்று நாள் எங்களுக்குக் கிடைத்திருந்தால் இன்னும் ஏழெட்டு ஊருக்குப் போயிருப்போம். ஜெயித்திருப்போம் என்று சொல்லவில்லை, ஆனால் போயிருப்போம்.

தோற்ற பிறகுதான் அண்ணாச்சியின் இன்னொரு அருமை தெரிந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்தாக வேண்டும். கொடுக்கத் தவறி, சரியான காரணமும் சொல்ல முடியாவிட்டால் மூன்று வருஷம் வரை எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாதபடி தேர்தல் ஆணையம் தகுதிநீக்கம் செய்யலாம். தோற்ற சோர்வில் பில்லைத் தேடாமல் விட்டு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சுயேச்சைகள்தான், கட்சிக்காரர்களுக்குக் கணக்கு எழுதவே ஆள் உண்டு. 2021-ல் முடிவு வந்தது மே 2. மே 10-லிருந்து முழு ஊரடங்கு. ஊரெல்லாம் ஆஸ்பத்திரி, ஆக்சிஜன் என்று அலைந்துகொண்டிருந்தபோது பில்லுக்காக யார் கடையைத் திறப்பார்கள்? எங்களுக்குத் தேடவே வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு கட்டு வெளியே போகும்போதும் எத்தனை பிரதி, என்ன சைஸ், என்ன பேப்பர் என்று போட்டு வரியோடு பில் எழுதி அண்ணாச்சி அன்றன்றே கொடுத்திருந்தார். ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது என்ற விதியையும் அவர்தான் எங்களுக்கு ஞாபகப்படுத்தி, தேர்தலுக்கென்று தனியாகத் திறந்த கணக்கிலிருந்து செக்காகவே வாங்கிக்கொண்டார். அவர் செக் மாறியது பேங்க் பாஸ்புக்கில் இருக்கிறது, பில் கையில் இருக்கிறது. மாமாவின் கணக்கு ஒரு கேள்வி இல்லாமல் போய்ச் சேர்ந்தது. அதே வருஷம் அக்டோபரில் அவர் மறுபடி நிற்க முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை கேட்பீர்கள். 2021-ல் ஏ5 அளவு, 70 ஜிஎஸ்எம் பேப்பர், இரண்டு வண்ணம், 10,000 பிரதிக்கு 7,200 ரூபாய் வாங்கினார், வரி தனி. பெரிய அச்சகத்தில் நாலு வண்ணத்துக்குக் கேட்டது இதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மாதிரி வாக்குச்சீட்டும் அவரிடமே அடித்தோம். அதில் நம்ம பெயர், நம்ம வரிசை எண், நம்ம சின்னம் மட்டும் இருக்கலாம், மற்றவர்கள் பெயரைப் போடக் கூடாது. சட்டமன்றத்துக்கு அசல் சீட்டு இளஞ்சிவப்பு என்பதால் அந்த நிறமும் கூடாது என்று சொல்லி மஞ்சள் காகிதத்தில் அடித்துக் கொடுத்தார். இப்போது பேப்பர் விலை ஏறியிருக்கும், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபிளெக்ஸ் அவரிடம் கிடையாது, பெரிய போஸ்டரும் கிடையாது. மிஷினில் அந்த அகலத்துக்கு மேல் போகாது. நாம் யூனிகோடில் அடித்துக் கொண்டுபோகிற மேட்டரை அவர் கம்ப்யூட்டரில் போட்டால் எழுத்து உடைந்து கட்டம் கட்டமாக வரும், அவர் இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துருவிலேயே இருக்கிறார், திரும்ப முழுவதையும் அடிப்பார். அதில்தான் ஒரு தப்பு நடந்தது. "3, 4-ஆவது ரீச்" என்பதில் காற்புள்ளி விழாமல் "34-ஆவது ரீச்" என்று 2,000 நோட்டீஸ் வெளியே போய்விட்டது. விவசாயி ஒருவர் படித்துவிட்டு, "முப்பத்தி நாலு ரீச் எங்கய்யா வெட்டியிருக்கான்?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. புரூஃபில் நானும் பார்க்கத் தவறியிருக்கிறேன், ஆனால் அண்ணாச்சி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மீதி இருந்ததைத் திரும்ப வாங்கி, தன் செலவில் அன்றைக்கு ராத்திரியே புதிதாக அடித்துக் கொடுத்தார். இருந்தாலும் முதல் நாள் கொடுத்தது கொடுத்ததுதானே. அதனால் புரூஃபை ஒருவர் சத்தமாகப் படிக்க இன்னொருவர் பார்த்துச் சரி சொல்லுங்கள், எண்களை இரண்டு தடவை. போன் எடுக்க மாட்டார் என்பதும் ஒரு குறை. மிஷின் சத்தத்தில் கேட்காது. நேரில்தான் போக வேண்டும்.

போன மாதம் என் தங்கச்சி கல்யாணப் பத்திரிகைக்காகப் போயிருந்தேன். புரூஃபுக்குக் காத்திருந்த நேரத்தில் அண்ணாச்சி ஒரு பைலை எடுத்துக் கொடுத்தார். அடிக்கிற ஒவ்வொரு தேர்தல் நோட்டீஸிலும் ஒரு ஆபீஸ் காப்பி துளை போட்டுக் கோர்த்து வைத்திருக்கிறார், ஆளுக்கு ஒரு பைல். மாமாவுடையதில் நாலு தேர்தல் நோட்டீஸும் வரிசையாக இருந்தது.

2006: உள்ளங்கை அளவு, கறுப்பு மை மட்டும். வார்டு மெம்பருக்கு வெள்ளை வாக்குச்சீட்டு. தெருவிளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும், இவ்வளவுதான் எழுதியிருக்கிறார். ஜெயித்தார்.

2011: பஞ்சாயத்துத் தலைவருக்கு இளஞ்சிவப்புச் சீட்டு, பூட்டு சாவி. இரண்டு பக்கமும் நெருக்கி அடித்தது. செய்தது, செய்யப் போவது என்று ஒவ்வொரு தெருவாக எழுதியிருக்கிறார், ஒரு தெருவில் எத்தனை விளக்குப் போட்டார் என்பது முதற்கொண்டு. ஜெயித்தார். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்ததும் தேர்தல் நடந்திருக்க வேண்டும், கோர்ட் ரத்து செய்து, தனி அலுவலர்கள் கையில் பஞ்சாயத்து போய், தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்து, எங்கள் மாவட்டத்துக்கு உள்ளாட்சித் தேர்தல் வர 2021 அக்டோபர் ஆகிவிட்டது. அந்த ஐந்து வருஷம் பைலில் ஒன்றும் இல்லை. அந்த வருஷங்களில்தான் மாமா கையில் பதவி இல்லாமல் ரீச் தண்ணீருக்கு மனு எழுதிக்கொண்டு அலைந்தார்.

2021 ஏப்ரல்: தையல் மிஷின். 34-ஆவது ரீச் நோட்டீஸையும் சரி செய்த நோட்டீஸையும் இரண்டையுமே கோர்த்து வைத்திருந்தார். தப்பானதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "அதுவும் நாம அடிச்சதுதானே தம்பி" என்றார்.

2021 அக்டோபர்: மாமா தலைவர் பதவிக்கு நிற்கவில்லை, திரும்பவும் வார்டு மெம்பருக்கே நின்றார். வெள்ளைச் சீட்டு. அரைப் பக்க நோட்டீஸ், பெயர், சின்னம், வார்டு எண், அதற்குக் கீழே ஒரே வரி: "என்னை உங்களுக்குத் தெரியும்." அந்த வரியை எழுதியது யார் என்று கேட்டேன். மாமா ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாராம், இவர் அடித்து அடித்துக் கடைசியில் மிஞ்சியது இதுதானாம். மாமா அதில் ஜெயித்தார்.

நிற்கிற எண்ணம் இருப்பவர்கள் போகும்போது கொண்டுபோக வேண்டியவை: வேட்பாளர் இறுதிப் பட்டியல், அதாவது படிவம் 7ஏ-யின் நகல் (வரிசை எண்ணும் சின்னமும் அதைப் பார்த்துத்தான் போடுவார், வாய்ச்சொல்லை ஏற்க மாட்டார்), பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, தேர்தல் கணக்கின் செக் புத்தகம், உங்களை நேரில் தெரிந்த இரண்டு சாட்சிகள். மேட்டர் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், எப்படியும் அடித்துவிடுவார். காலை பத்திலிருந்து இரவு எட்டு வரை கடை இருக்கும், மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை சாப்பாட்டுக்குப் போய்விடுவார். ஞாயிறு லீவு, சின்னம் ஒதுக்கிய நாளிலிருந்து பிரச்சாரம் முடிகிற நாள் வரை மட்டும் லீவு கிடையாது. வண்டியை மார்க்கெட் வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள், சந்துக்குள் பைக் திரும்பாது.